உச்சிவேளைக் கணக்கு

தஞ்சாவூருக்குப் போய்வர நாள் குறிக்கிறவர் முதலில் விசாரிப்பது, நடை எப்போது சாத்துவார்கள் என்பதை. பொலன்னறுவைக்குப் புறப்படுகிறவர் விசாரிப்பது, வெயில் ஏறுமுன் கல் விகாரையை எட்டிவிடலாமா என்பதை. ஒன்று, பூசை நடக்கும் கோயிலைச் சுற்றி இன்றும் வாழும் ஊர். மற்றது, காடு மூடிக் கிடந்து பின்னர் வெளிக்கொண்டுவரப்பட்ட நகரம். பயணத் திட்டம் வேறுபடுவது இதனால்தான்.

இரண்டுக்கும் பழைய உறவுண்டு. இராஜராஜன் 1010இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த சோழர் காலத்தில்தான் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்ற பெயரும் இருந்தது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை அங்கிருந்து அகற்றினான்.

பெரிய கோயிலில் காலை ஆறு மணிக்கு நடை திறந்தால் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிடுவார்கள். பிறகு மாலை நான்குக்குத்தான். வளாகத்துக்குள் நிற்கலாம் என்றாலும் கருங்கல் தளம் நண்பகலில் நிற்க விடாது. நிழலுக்கு நிழல் ஓடவேண்டியதுதான். அதனால் தமிழ்நாட்டுக்காரர்கள் நாளை இயல்பாகவே இரண்டாக வெட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் தஞ்சாவூர். குளித்துவிட்டுக் கோயில், பிறகு டிபன், அரண்மனை. மதியம் சாப்பாடும் ஒரு தூக்கமும். மாலையில், சாயும் வெயில் விமானத்தின் மேல் விழும்போது மறுபடியும் கோயில். நடை சாத்துவதை இடைஞ்சலாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கோ அது இரண்டாவது தரிசனத்துக்குக் கிடைத்த சாக்கு. 216 அடி விமானத்தை ஒரே தடவையில் யாரால் பார்த்து முடிக்க முடியும்?

பிரதோஷ நாளைப் பற்றி மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நந்தி அபிஷேகத்துக்காகவே போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அன்றைக்குப் போகாமலிருப்பதே நல்லது.

பொலன்னறுவையில் யாரும் நடை சாத்துவதில்லை. காலையில் உள்ளே போனால் மாலைவரை சுற்றலாம். சிக்கலே அங்குதான். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் சனம் உச்சிவெயிலிலும் நடந்துகொண்டே இருக்கும். இடிபாடுகளோ சில கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. அரண்மனை, வட்டதாகே, ரன்கொத் வெஹெர, லங்காதிலக என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கல் விகாரையில் பதினான்கு மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரின் முன்னே போய் நிற்கும்போது அவரைப் பார்க்கவே தெம்பிருக்காது. செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டிய இடமும் அதுதான். அனுபவப்பட்டவர்கள் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, விடியலோடு நேரே கல் விகாரைக்குப் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பார்கள். பத்தரை, பதினொன்றுக்குப் பராக்கிரம சமுத்திரக் குளத்துக் காற்று. மிச்சம் மூன்று மணிக்குப் பிறகு. தஞ்சாவூரில் சிவன் போட்டுத் தரும் அட்டவணையை இங்கே நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணத்தையும் சொல்ல வேண்டும். பெரிய கோயிலுக்கு நுழைவுச்சீட்டே இல்லை, எத்தனை முறையும் போய்வரலாம். பொலன்னறுவையில் வெளிநாட்டாருக்கு டொலர்க் கணக்கில் சீட்டு. சார்க் நாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டினால் பாதி விலை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற வேகம் வருவது இதனால்தான். இந்தியாவில் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் இலங்கையரும் இந்தியருக்குரிய கட்டணத்தையே கொடுத்தால் போதும். ஆகவே எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனாலும் கடவுச்சீட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பேராசையில் மட்டும் இரு நாடும் ஒன்று. அங்கே தஞ்சாவூரோடு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், போதாததற்கு நவக்கிரகக் கோயில்கள். இங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்தால் அநுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, எல்லாம் இரண்டே நாளில். அங்கே புளியோதரைத் தூக்கு, இங்கே வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல். எங்கள் மாமி ஒருத்தி இப்படி ஒரு ரிப் போய்வந்து, "தம்பி, வானுக்குள்ள இருந்ததுதான் ஞாபகம்" என்றார்.

இந்த அவசரத்தில் பொலன்னறுவையில் தவறிப்போகிறவை தமிழர் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்தான். பிரதான பாதையிலிருந்து சற்று விலகி, முழுக்கக் கல்லாலான ஒரு சிறிய சிவன் கோயில் நிற்கிறது. இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என்று பலகை சொல்லும். கல்வெட்டுச் சொல்லும் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். தஞ்சாவூர் விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு அது கையடக்கப் பிரதி போலத் தோன்றும். மற்றது வட்டதாகே வளாகத்தில் இருக்கும் வேளைக்காரர் கல்வெட்டு. தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழில் பொறித்துக் கொடுத்த உறுதிமொழி அது. பக்கத்திலிருக்கும் பிரமாண்டமான கல்பொத்தக் கல்வெட்டைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம்.

செப்புத் திருமேனிகளுக்குத் தஞ்சாவூரில் வேறு நாள் ஒதுக்க வேண்டியதில்லை, அரண்மனைக் கலைக்கூடத்திலேயே பார்த்துவிடலாம். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்தவற்றில் பல கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்விட்டன. கொழும்பு வழியாகத் திரும்புகிறவர்கள் அதற்கு அரை நாள் வைத்துக்கொள்ளலாம். கதுருவெலயில் ரயிலேறி மட்டக்களப்புக்குத் திரும்பும் எங்களுக்கு அது இன்னொரு பயணம்.