வேகத்துக்கு முன்னால் கணக்கு

"கார் ரேஸ்ல இறங்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?" இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. முதலில் ஆட்டோகிராஸ்: திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டுவது. அடுத்து ராலி ஸ்பிரிண்ட், மூடிய பாதையில் குறைந்த தூரம். பிறகு முழு ஸ்டேஜ் ராலி. கடைசியில் சர்க்யூட். இந்தப் படிக்கட்டின் ஓரத்தில் டி.எஸ்.டி. ராலிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள்: வேகம் கிடையாது, குடும்பத்தோடு ஜாலியாகப் போய் வரலாம், அவ்வளவுதான் என்கிற தொனியில்.

எனக்கு இந்த வரிசையிலேயே உடன்பாடு இல்லை. விஸ்வநத்தம் மாதிரி ஊரில் இருக்கிற ஒருவருக்கு ஓரத்தில் கிடக்கும் அந்தப் பத்திதான் முதல் படி.

காரணம் எளிது. ஆட்டோகிராஸ் 'மலிவு' என்று சொல்கிறவர்கள் காலி மைதானம், ஒரு கிளப், ஆம்புலன்ஸ், நேரம் எடுக்கும் கருவி எல்லாம் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும்தான் பிழைப்பு. சாலையில் சரக்கு லாரி, ஆள் ஏற்றிப் போகும் வேன், ஷிஃப்ட் முடிந்து வரும் டூவீலர். இங்கே இருபது வயதுப் பையனுக்கு ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே மைதானம் பொதுச் சாலைதான். மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சாலையில் பந்தயமோ வேகப் பரீட்சையோ நடத்துவதும் கலந்துகொள்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லி ஆசையை நிறுத்த முடியாது. வேறு வாசலைக் காட்டினால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் வாசலே இல்லை என்று சொல்லவும் முடியாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருடம் பந்தயம் நடந்தது. புதிதாக எதையும் கட்டவில்லை, கிடந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற எளிய ரேஸ் கார் செய்தார். அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார்.

ஆனால் இன்று நாம் கொண்டாடுவதெல்லாம் உச்சிப் படியைத்தான். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருச் சுற்றில் இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ரெண்டும் சந்தோஷம்தான். ஆனால் பார்க்கும் பையனுக்கு அவை டிக்கெட்டும் ரீல்ஸும் தருகின்றன. அவன் உட்கார ஒரு சீட் தருவதில்லை.

டி.எஸ்.டி.யில் சீட் இருக்கிறது, அதுவும் இரண்டு. ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் வழி சொல்லும் நேவிகேட்டர் ஒருவர். வீட்டுக் காரே போதும். தூரமும் சராசரி வேகமும் கொடுத்துவிடுவார்கள். இந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை நீங்கள் கணக்குப் போட வேண்டும். மணிக்கு 36 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி. 8.4 கி.மீ.க்கு 840 விநாடி, அதாவது 14 நிமிடம். முந்தி வந்தாலும் தண்டனைப் புள்ளி, பிந்தி வந்தாலும் புள்ளி. பட்டாசுக்குத் திரி வெட்டுகிற ஊருக்கு இது புதுசே இல்லை. இவ்வளவு நீளம் எரிய இவ்வளவு நேரம் என்பதும் இதே கணக்குதான்.

பாதையைக் காட்ட 'டுலிப்' என்ற சின்னப் படங்கள் உண்டு. நெதர்லாந்தின் டுலிப் ராலியிலிருந்து வந்த பெயர். கீழே ஒரு புள்ளி, நீங்கள் வரும் இடம். மேலே ஒரு அம்பு, போக வேண்டிய திசை. மொழியே தேவையில்லை. சென்னை உட்பட இந்திய நகரங்களில் பார்வையற்றவர்கள் பிரெயில் வழிப்புத்தகத்தை விரலால் படித்து நேவிகேட்டராக இருக்கும் ராலிகளும் நடக்கின்றன. 'ஜாலி ட்ரிப்' என்று இதை ஒதுக்குகிறவர்கள் அந்த வேலையை ஒரு மணி நேரம் செய்து பார்க்கட்டும்.

டி.எஸ்.டி.யிலும் குறை இருக்கிறது. முதலாவது ஆபத்தானது. மேலே சொன்ன 8.4 கி.மீ.யில் பாதி வழியில் ரயில்வே கேட் இரண்டு நிமிடம் அடைத்துவிட்டது என்று வையுங்கள். மீதி 4.2 கி.மீ.க்கு உங்களிடம் 300 விநாடிதான். 36-இல் போக வேண்டியவர் 50-ஐத் தாண்ட வேண்டும், அதுவும் சராசரியாக. வேகம் இல்லாத விளையாட்டு என்று சொல்லிவிட்டு வேகத்துக்கு விரட்டுகிற மாதிரி ஆகிவிடும். இதைத் தடுக்க வேண்டியது பாதை போடுகிறவர் பொறுப்பு: கேட்டும் கடைத்தெருவும் வரும் இடத்தில் கணக்கில் சேராத நேரம் கொடுக்க வேண்டும், சராசரியைக் குறைவாக வைக்க வேண்டும், முந்தி வருவதற்குப் பிந்தி வருவதைவிடக் கடுமையான புள்ளி போட வேண்டும்.

இரண்டாவது, அது பேசும் மொழி. படம் எல்லாருக்கும் புரியும், ஆனால் குறிப்பும் விதியும் பெரும்பாலும் ஆங்கிலம். 'வேப்பமரத்தடி டீக்கடை, இடது' என்று அச்சடிக்க என்ன தடை? காலண்டரும் டைரியும் அடித்து ஊர் ஊராக அனுப்புகிற சிவகாசிக்கு முப்பது பக்க வழிப்புத்தகம் ஒரு வேலையா?

மூன்றாவது, கார் இல்லாதவர் கதி. நேவிகேட்டர் சீட்டுக்குக் கார் வேண்டாம், லைசென்ஸ்கூட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஸ்வீடனின் 'ஃபோக்ரேஸ்' பந்தயத்தில் ஒரு நல்ல விதி உண்டு: ஓடிய எந்தக் காரையும் நிர்ணயித்த குறைந்த விலைக்கு இன்னொரு போட்டியாளர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதனால் காரில் பணத்தைக் கொட்டுவதில் லாபம் இல்லை. பணக்கார விளையாட்டைச் சாதாரண ஆளுக்குத் திறப்பது இப்படிப்பட்ட விதிதான், விளம்பரம் அல்ல.

டி.எஸ்.டி. காரை வளைத்துத் திருப்பும் லாவகத்தைக் கற்றுத் தராது. அது உண்மை. அந்தப் பாடத்துக்கு மூடிய மைதானமும் ஆட்டோகிராஸும் ஒருநாள் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒரு விநாடி முந்தினாலும் தப்பு என்று பழகியவன் அந்த மைதானத்துக்கு வருவதும், ராத்திரிச் சாலையில் முறுக்கிப் பழகியவன் வருவதும் ஒன்றல்ல. பட்டாசு அறையில் அவசரக்காரனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை. ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?