நிழற்படத்தில் கூற்று

செய்யுள் உறுப்புகளை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன் என்பனவற்றையும் சேர்த்துரைப்பர். பேசுபவர் யார், யாரை நோக்கி, எவ்விடத்து என்பவற்றை அறியாது பாட்டின் பொருளைத் துணிதல் அரிது. இவ்வளவுகோல் உருவப்பட ஆய்விற்கும் பொருந்தும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்க லக்கோட்டா மக்களை எடுத்த நிழற்படங்கள் உணர்த்துகின்றன.

1898ஆம் ஆண்டில் பஃபலோ பில் நடத்திய காட்சிக்குழு நியூயார்க் நகருக்கு வந்தது. அந்நகரில் படநிலையம் வைத்திருந்த கெர்ட்ரூட் கேசபியர் என்னும் அம்மையார், குழுவிலிருந்த லக்கோட்டா மக்களை அழைத்துப் படம் எடுத்தார். அவருள் அயர்ன் டெயில் என்பாரின் இறகுமுடியையும் அணிகளையும் களையச் செய்து, வெறுந்தலையினராக எடுத்தார். பின்னர் அப்படத்தைக் கண்ட அயர்ன் டெயில் அதனைக் கிழித்துவிட்டார். அதன்பின் முழுக்கோலத்துடன் அவரை மீண்டும் எடுக்க நேர்ந்தது.

கோலம் களைந்த படமே உண்மையானது, கோலம் புனைந்தது காட்சிக்குரிய நடிப்பு என்று கருதுவார் உளர். அணியற்ற முகத்தில் அகம் தோன்றும் என்பது அவர் துணிபு. அது பொருந்துவதாக இல்லை. லக்கோட்டா மரபில் கழுகிறகு வெறும் அழகுப்பொருள் அன்று. அருஞ்செயலுக்குக் கிடைக்கும் சிறப்பு. அதனைக் களைதல் ஒருவரது வரலாற்றையே களைதலாகும். எனவே வெறுந்தலைப் படத்தில் ஒலிப்பது கேசபியரின் கூற்றேயாம். அதனைக் கிழித்த செயலே அயர்ன் டெயிலின் கூற்று.

அவ்வாறாயின், கோலத்துடன் விளங்கும் படமெல்லாம் அதிலுள்ளார் கூற்றாகுமோ எனின், ஆகாது. 1885இல் மாண்ட்ரியல் நகரில் வில்லியம் நாட்மன் நிலையத்தில் சிட்டிங் புல் என்னும் தலைவர் பஃபலோ பில்லுடன் முழுக்கோலத்தில் நின்றார். 1876இல் பகைவராயிருந்தோர் இன்று நண்பராயினர் என்னும் கருத்தமைந்த தலைப்புடன் அப்படம் பரவியது. ஈண்டுக் கோலம் அவருடையது. கூற்றோ காட்சியை விளம்பரப்படுத்தியவருடையது. கேட்போர் சீட்டு வாங்க வரும் மக்கள். அத்தலைப்பு உரைத்த நட்பு அரசுக்கும் லக்கோட்டா மக்களுக்கும் இடையே நிலைபெறவில்லை. 1890 டிசம்பர் 15ஆம் நாள், கைது செய்யச் சென்ற காவலரால் சிட்டிங் புல் கொல்லப்பட்டார். அதே மாதம் 29ஆம் நாள் ஊண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள் பெருந்தொகையினராய்ப் படையினரால் மாண்டனர்.

ஆகவே கோலம் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு படத்தின் உண்மையை அளத்தல் இயலாது. கோலத்தைத் தேர்ந்தவர் யார், தலைப்பிட்டவர் யார், யார் காண எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காண்பதும் எளிதன்று. அயர்ன் டெயில் மறுத்த செய்தியும் 1901இல் ஓர் அமெரிக்க இதழில், கேசபியர் தரப்பின் வழியே நமக்குக் கிட்டியதுதான். அவர் கிழித்தது ஒரு தாளை மட்டுமே. அவர் வேண்டாவென்ற அவ்வுருவம் அழியாது நின்று, கலைச்சிறப்புடையதெனப் பாராட்டும் பெறுகிறது. அதனைப் பாராட்டுவோர் அவரது மறுப்பையும் உடன் உரைத்தல் கடனாகும்.