மூன்றடுக்கு கேரியர்

சென்னை மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். உர ஆலையில் உற்பத்தி 1971இல். மணலி புதுநகரின் ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் நாள் விடிவது எவர்சில்வர் கேரியரோடுதான்.

அடித்தட்டில் சோறு, நடுவில் மீன் குழம்பு, மேலே பொரியல். பக்கவாட்டுக் கொக்கி சரியாக விழாவிட்டால் பஸ் நெரிசலில் குழம்பு சிந்திவிடும். அழுத்திப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார்கள். மூடியில் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், எத்தனை வருஷம் தேய்த்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். என்ன நேர்த்தியான கைவேலை!

இந்த மதியச் சோற்றுக்காகவும் போராட்டம் நடந்திருக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அரைமணி நேர இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. சங்கத்தின் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார்கள்.