வாடும் தக்காளிக்கெல்லாம் ஒரே தூளா?

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தக்காளிச் செடி தலை தொங்கினால் பலரும் முதலில் எடுப்பது ட்ரைக்கோடெர்மா தூளைத்தான். களியக்காவிளை வழியே தமிழ்நாட்டுத் தக்காளி லாரியில் வந்து இறங்கும் இடத்தில், வீட்டு விளையில் நஞ்சில்லாத காய் பறிக்க நினைப்பது நல்ல ஆசை. ஆனால் அந்தத் தூளால் ஆகாததையும் அதனிடம் கேட்கிறோம்.

ஆகக்கூடியது நிறையவே உண்டு. ட்ரைக்கோடெர்மா ஒரு நல்ல பூஞ்சை. நோய்ப் பூஞ்சைகளின் இழையைச் சுற்றிப் பிடித்துத் தின்னும். நாற்றழுகலுக்கும், தண்டின் அடியில் வெள்ளை இழை படர்ந்து கடுகளவு மணிகள் தோன்றும் அழுகலுக்கும் அது நல்ல காவல். 90 கிலோ காய்ந்த சாணம், 10 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, ஒன்றிரண்டு கிலோ தூள் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடிப் பெருக்கி, நடும் முன்பே மண்ணில் சேர்க்க வேண்டும். செடி வாடிய பிறகு தூரில் தூவுவது வீண்.

பெரிய ஓட்டை வேறு. இந்தச் செம்மண்ணில் தக்காளியின் முதல் எதிரி பூஞ்சை அல்ல, ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. புளிப்பு மண், சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் இலை பச்சையாக இருக்கும்போதே செடி சாய்ந்துவிடும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக இழை இறங்கினால் அது பாக்டீரியா. பியூசேரியம் பூஞ்சை வாடலில் அடியிலை முதலில் மஞ்சளாகும், தண்ணீர் கலங்காது. சில நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் தூள் வாங்குவதே இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய குறை.

பாக்டீரியா வாடலுக்கு விடை தூளில் இல்லை, விதையில் இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் இதைத் தாங்கப் பிறந்தவை. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றும் தாங்கும். கூடவே மண்ணின் புளிப்பைக் குறைக்கக் கும்மாயம் (சுண்ணாம்பு) வேண்டும். கும்மாயம் இட்டு இரண்டு வாரம் கழித்தே ட்ரைக்கோடெர்மா இட வேண்டும்; சேர்த்து இட்டால் காசுதான் போகும்.

துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவமழையில்) இலையில் வளையம் வளையமாக வரும் கருகலுக்கு, 1885-ல் பிரான்சில் மில்லார்டே அறிவித்த போர்டோ கலவை இன்றும் உதவுகிறது. ஆனால் அதிலுள்ள தாமிரம் நல்ல பூஞ்சையையும் கொல்லும், மண்ணிலும் தங்கும். கலவையையும் ட்ரைக்கோடெர்மாவையும் ஒரே வாரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

தூளால் ஆகாத இன்னொன்று ஒட்டுண்ணிக் களை; அதற்கு எந்தத் தூளும் உதவாது. ஹரியானாவின் மேவாத் பகுதித் தக்காளியை வாட்டும் வேர் ஒட்டுண்ணி நம் தலைவலி அல்ல; இங்கே கவலை வேலியில் படரும் மூடில்லாத்தாளி, தமிழில் அம்மையார் கூந்தல். வேரும் இலையும் இல்லாத இந்த மஞ்சள் கொடி ஒரு துண்டு கிடந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கும். பூக்கும் முன் பற்றிய கிளையோடு வெட்டி எரிப்பதே வழி. பக்கத்து வேலிக்காரரும் அன்றே வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷிபவன் (வேளாண் அலுவலகம்) இருக்கிறது. தூள் பொட்டலம் கொடுக்கும் முன், வாடிய தண்டை வெட்டிப் பார்த்தீர்களா என்று அங்கே கேட்கட்டும். எல்லையோரத் தமிழ் விவசாயிகளுக்கு அதைத் தமிழிலும் சொல்லித் தரட்டும்.