களவெட்டியும் கைத்தறியும்: கிராமியச் சுற்றுலா பற்றிய ஒரு நோக்கு

உல்லாசப் பயணிகளைக் குழுவாகக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ளோரின் தொழில்களைத் தாமே செய்துபார்க்க வைப்பது இலங்கையில் ஒரு வணிகமாக வளர்ந்துள்ளது. ஹபரணையை அடுத்த ஹிரிவடுன்னவிற் பயணிகள் மாட்டுவண்டியேறி, குளத்தில் வள்ளத்திற் சென்று, மண்குடிசையிற் சம்பல் அரைத்து உண்டு மீள்கின்றனர். அறுகம்பைக்கு அலைச்சறுக்கலின்பொருட்டு வெளிநாட்டினர் வரும் அம்பாறைக் கரையோரத்திலும் இம்முறையைப் புகுத்தலாமென்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயின், இங்கு எதனைக் காட்டுவது என்பதே முதல் வினா.

இப்பிரதேசத்தின் பண்பாடு நெல்லோடு பிணைந்தது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிற் குடியிருப்புக் கடலோரத்திலும் வயல் மேற்கிலும் அமைந்தன. வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வயல்வாடியிலும் பரணிலும் தங்கினர், பெண்கள் ஊரிலிருந்தனர். எஸ். முத்துமீரான், எஸ். எச். எம். ஜெமீல் போன்றோர் தேடித் தொகுத்த நாட்டார் கவிகளிற் பலவற்றின் ஏக்கம் இப்பிரிவிலிருந்தே பிறந்தது. களவெட்டியில் எருமைகளை வளைத்துச் சூடடித்தோர் பொலிப்பாடல் பாடினர்; களத்துக்கெனத் தனிச் சொற்களையும் வழங்கினர். உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபின் அத்தொழில் மறைந்தது. தொழிலோடு பாட்டும் ஒடுங்கியது. ஆகவே, இன்று பயணிகளுக்கெனச் சூடடித்துக் காட்டுதல் பண்பாடாகாது, நடிப்பேயாகும்.

மறைந்ததை அறியவே கூடாதா எனச் சிலர் வினவலாம். அறியலாம், ஆனால் அதனை நினைவாகவே அறிதல் வேண்டும். முதியோர் சொல்லவும் பாடவும் கேட்பது நேர்மையானது. பழமைக்கு வேடம் புனைவது அத்தகையதன்று.

மருதமுனைக் கைத்தறியின் நிலை வேறு. சாரமும் சேலையும் நெய்யும் தறிகள் அங்கே இன்றும் சில குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவ்வூரைக் கடுமையாகத் தாக்கியபின்னரும் அத்தொழில் அற்றுப்போகவில்லை. பாவுக்குள் ஊடை நூலைச் செலுத்த முயலும் பயணி, ஒரு முழத் துணியின் உழைப்பைத் தன் கையாலேயே உணர்வான். எனினும் அவன் தறியிலமரும் ஒரு மணிநேரம் நெசவாளி இழக்கும் ஒரு மணிநேரமாகும். அதற்குரிய கூலி இடைத்தரகருக்கன்றி நெசவாளிக்கே சேரல் வேண்டும். வீட்டிற் பன்பாய் இழைக்கும் பெண்களிடம் செல்வதாயின், விருந்தினரை உள்ளே விடுவதா, படம்பிடிக்க இசைவதா என்பதை அப்பெண்களே தீர்மானித்தல் வேண்டும்.

உழைப்போனுக்கு ஊதியமும் மதிப்பும் தராத சுற்றுலா, எத்துணை அழகுற ஒழுங்கு செய்யப்பட்டாலும், ஒரு கிராமத்தை வேடிக்கைப் பொருளாக்குவதன்றி வேறில்லை.