மோரோவின் தீவும் புழுங்கலரிசியும்

அறிவியற் புனைகதைகள் அறிவுவேட்கையைப் பழிப்பன என்று மாணவர்க்குச் சொல்லித்தரும் வழக்கம் உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட 'டாக்டர் மோரோவின் தீவு' நாவலை ஊன்றிப் படிப்போர் இதனை எளிதில் ஏற்கார். விலங்குகளை அறுத்து மனிதராக்க முயலும் மோரோவைச் செலுத்துவது பொருளாசை அன்று, வினா ஒன்றே. கட்டுண்டு கிடக்கும் உயிரின் வலி மட்டும் அவ்வினாவுக்குள் இடம்பெறவில்லை.

இத்தகைய வினா நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. தமிழ்த் தொழிலாளர் உண்ட புழுங்கலரிசி பெரிபெரி நோயைத் தடுக்கிறதா என்றறிய, 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர்க்குச் சயாம் பச்சரிசி. இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. பச்சரிசி அவர்கள் முன்னரே உண்டுவந்த உணவுதான். எனினும் அதனை உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மற்றப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறந்திலர். 1907இல் 'லான்செட்' ஏட்டில் வந்த இம்முடிவு பிற்காலத்தில் பல உயிர்களைக் காக்க உதவியது.

நாவலின் குறை இவ்விடத்தே புலனாகிறது. மோரோவின் படைப்புகள் மீண்டும் விலங்காகின்றன. அவனும் தான் வதைத்த பூமாவால் மடிகிறான். 1818இல் வந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாயகனும் அவ்வாறே அழிகிறான். தோற்ற வேட்கையைத் தண்டிப்பது எழுத்தாளர்க்கு எளிது. வென்ற வேட்கையை எவ்வாறு எடைபோடுவது? வெல்ஸ் அதனைத் தொடவில்லை. ஆயினும் தீவிலிருந்து தப்பிய பிரெண்டிக், இலண்டன் தெருவில் செல்லும் மனிதரைக் கண்டு விலங்கென அஞ்சும் இறுதிப் பகுதி, மோரோவின் மரணத்தைவிட ஆழமானது.