டியூறரின் தலையணைகள்

ஓவியமெனின் தெய்வத் திருவுருவமோ மன்னர் முகமோ மலையும் கடலுமோ அதன் பொருளாதல் வேண்டுமென்று கருதுவார் பலர். அன்னார் கருத்தை அசைக்கவல்லதொரு தாள் நியூயோர்க் நகரத்து மெற்றோப்பொலிற்றன் கலைக்கூடத்தில் உள்ளது. நூரெம்பேர்க் நகரிற் பிறந்த யேர்மனிய ஓவியர் அல்பிறெக்ற் டியூறர் 1493ஆம் ஆண்டில், தமது 22ஆம் வயதளவில், அதனை வரைந்தார்.

தாளின் ஒரு புறத்தில் ஓவியர்தம் முகமும் ஒரு கையும், அவற்றின் கீழே ஒரு தலையணையும் உள. மறுபுறத்திலோ தலையணைகளன்றி வேறொன்றுமில்லை, இரண்டிரண்டாக ஆறு. கட்டிலில்லை, அறையில்லை, உறங்குவாருமில்லை. பேனாவும் கபில நிற மையுமே கருவிகள்.

குடத்தை வரைவோனுக்கு நினைவு துணைசெய்யும். குயவன் கொடுத்த வடிவம் அதற்கு என்றும் உண்டு. தலையணைக்கோ தனக்கென ஒரு வடிவமில்லை. இறுதியாக அதனை அழுத்திய கையோ தலையோ விட்டுச்சென்ற வடிவமே அதன் வடிவம். ஆதலின் அதனை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தே வரைதல் வேண்டும். டியூறர் அவ்வாறே பார்த்திருக்கின்றார். குழிந்தும் முறுகியும் மூலைகள் கூர்ந்தெழுந்தும் கிடக்கும் இவ்வாறனுள் ஒன்றைப்போல் மற்றொன்றில்லை. கோடுகள் துணியின் வளைவோடு தாமும் வளைகின்றன. மடிப்பின் ஆழத்தில் நெருங்கிக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னி, புடைத்தவிடத்தில் அருகி மறைகின்றன. மை தீண்டாத தாளே துணியின் வெண்மையாகின்றது. பொற்கொல்லராகிய தந்தையாரின் பட்டறையிற் பழகிய கை அது. உலோகத்திற் கீறும் உளியின் கட்டுப்பாடு இக்கோடுகளிலும் புலனாகும்.

இம்மடிப்புகளிடையே மனித முகங்கள் ஒளிந்துள்ளன என்பாரும் உளர். தேடினால் மூக்கும் வாயும் தென்படவே செய்யும், முகிற்கூட்டத்திலும் அவ்வாறே. தலையணை தலையணையாயிருத்தல் போதாதென்னும் எண்ணத்தின் விளைவே இத்தேட்டம். தம் முகத்துக்கு அளித்த அதே கவனத்தைத் தலையணைக்கும் அளித்தமையன்றோ இங்கு வியத்தற்குரியது! முன்புறத்து ஓவியத்தில் கண்ணின் இமையும் உறையின் சுருக்கமும் ஒரே நேர்மையுடன் நோக்கப்பட்டுள்ளன.

பின்னாளிற் செய்த செப்புத்தகட்டுச் செதுக்கோவியங்களிலும் டியூறர் தலையணையை மறந்தாரல்லர். 1498ஆம் ஆண்டளவில் அமைந்த ஒன்றில், அடுப்பருகே உறங்கும் சோம்பேறி அதன்மேற் சாய்ந்துள்ளான். 1514ஆம் ஆண்டில், புனித யெரோமின் படிப்பறையிலும் திண்டுகள் கிடக்கின்றன. அங்கெல்லாம் அவை சோம்பலையோ அமைதியையோ உணர்த்தும் பணியை ஏற்றுள்ளன. இந்த ஆறுக்கும் அத்தகைய பணி எதுவுமில்லை.